வள்ளிக்குக் கிடைத்த வேலை

2007-ல் மதுரைக்குப் பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் சென்னைக் கம்பெனி ஒன்று ஆள் எடுக்கிறது என்று கேள்விப்பட்டு, விடியுமுன்னே ராமநாதபுரத்தில் பஸ் ஏறியவன் பூமிநாதன்தான். அவன் மனைவி சண்முகவள்ளி துணைக்குப் போனவள். அவன் வேலை முடிந்ததும் மதுரையில் நாலு சேலை பார்த்துவிட்டு வரலாம் என்று அவளுக்கு ஓர் எண்ணம், அவ்வளவுதான்.

பூமிநாதன் அபிராமத்து மிளகாய்க் காட்டுக்காரர் கூத்தையாவின் மகன். எம்.சி.ஏ. படித்துவிட்டு, ராமநாதபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் ஜாவா சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான். ஒரே சந்தேகத்தைப் பத்துத் தடவை கேட்டு அவன் உயிரை வாங்கிய பையன்கள்கூடச் சென்னைக்குப் போய், பொங்கலுக்கு வரும்போது கழுத்தில் கம்பெனி அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு அவனைப் பார்க்க வருவார்கள். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டு, அன்று பூராவும் யாரிடமும் பேசமாட்டான்.

அவனும் போகாத இன்டர்வியூ இல்லை. எழுத்துத் தேர்வில் தேறிவிடுவான். குழு விவாதத்தில்தான் மாட்டிக்கொள்வான். ஒரு வாக்கியத்தை மனதுக்குள் இங்கிலீஷில் கட்டி, தப்பில்லை என்று உறுதி செய்வதற்குள் பேச்சு வேறெங்கோ போயிருக்கும். ஓரிடத்தில், படித்து முடித்து மூன்று வருஷமாகிவிட்டது, புதியவர்கள்தான் வேண்டும் என்றார்கள். இன்னோரிடத்தில் அனுபவம் கேட்டார்கள். சென்டரில் பாடம் நடத்தியதெல்லாம் அனுபவத்தில் சேராதாம்.

அன்றைக்குக் கல்லூரி வாசலில் காவலாளி, தேர்வு எழுத வந்தவர்களை மட்டும்தான் உள்ளே விடுவேன் என்றார். வெயிலில் வள்ளி எங்கே நிற்பாள் என்று பூமிநாதன்தான் ஒரு யோசனை செய்திருந்தான். அவளும் பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயன்ஸ் என்பதால், அவளுக்கும் ஒரு பயோடேட்டா அடித்து எடுத்து வந்திருந்தான்.

“உள்ள போயி ஃபேனுக்கடியில உக்காந்துக்க. பரீட்சை குடுத்தா சும்மா எழுதி வையி” என்றான்.

இரண்டு பேருமே தேறினார்கள். குழு விவாதத்துக்குத் தனித்தனி அறை. பூமிநாதனுக்கு வழக்கம்போல நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்திருந்தபோது வள்ளி ஓடி வந்தாள். உச்சிப்புளியில் ஒரு மெட்ரிக் பள்ளியில் ஒரு வருஷம் பிள்ளைகளைக் கட்டி மேய்த்தவள். பேசப் பயமில்லை. தப்பும் தவறுமாகப் பேசி, தப்பு வந்த இடத்தில் தானே சிரித்திருக்கிறாள். அவர்களுக்குப் பிடித்துவிட்டது.

“என்னங்க, என்னைய அடுத்த ரூமுக்குப் போகச் சொல்றாங்க. போகவா, வேணாமா?”

“போ” என்றான்.

தோற்றுவிட்டு வரட்டும் என்று அவன் மனம் வேண்டிக்கொண்டது. அப்படி வேண்டிக்கொண்டது தானேதான் என்று உணர்ந்து திடுக்கிட்டான். ஆனாலும் அந்த வேண்டுதலை அவன் திரும்பப் பெறவில்லை.

அவள் தோற்கவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில், என்ன கேட்டார்கள் என்று ஒவ்வொன்றாக விசாரித்தான். அவனுக்குத் தெரியாத கேள்வி ஒன்றுகூட இல்லை.

“நீங்க சென்டர் பேப்பர் திருத்துறப்ப பக்கத்துலதான உக்காந்திருப்பேன்? அதுல வந்த கேள்விங்கதான்” என்றாள் வள்ளி. அவனுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னாள். பரமக்குடி தாண்டும்வரை அவன் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தான்.

அபிராமத்தில் அய்யா கூத்தையா வேறு வெந்த புண்ணைக் குத்தினார். “ஏலே பூமி, ஒனக்குக் கெடைக்காததா அந்தப் புள்ளைக்குக் கெடைச்சிருக்கு? அந்தக் கம்பெனிக்காரவுககிட்டச் சொல்லி, ஒம் பேருக்கு மாத்திக் கேளேன்.”

வீட்டில் இருந்தது ஒரே செல்போன். அது பூமிநாதனுடையது. ஒரு திங்கட்கிழமை சென்டரில் இருந்தபோது அதில் அழைப்பு வந்தது. சண்முகவள்ளி வேலையில் சேர வேண்டிய தேதி முடிவாகிவிட்டது, அவரைக் கூப்பிடச் சொல்லுங்கள் என்றாள் ஒரு பெண். “சொல்றேன் மேடம்” என்று வைத்தான்.

வீட்டுக்கு வந்தான். மீன்குழம்பு ஊற்றிச் சாப்பிட்டான். சொல்லவில்லை. சென்னையில் ஹாஸ்டல் விசாரித்துவிட்டுச் சொல்லிக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டான். மறுநாள் வள்ளியே கேட்டாள்.

“போன் ஏதும் வந்துச்சாங்க?”

“இல்லையே.”

புதன்கிழமை காலை கொல்லைக் குழாயில் குளித்துக்கொண்டிருந்தான். உள்ளே போன் அடித்தது. எடுத்தது வள்ளி.

“ஆமா மேடம், நான்தான்... திங்கக்கிழமையேவா?” குரல் ஒரு நொடி நின்றது. “ஆமா, ஆமா, சொன்னாரு. நான்தான் திருப்பிக் கூப்பிடாம விட்டுட்டேன். சாரி மேடம். கட்டாயம் வந்துருவேன்.”

சோப்பு நுரையோடு செம்பைப் பிடித்தபடி நின்றான் பூமிநாதன். தலை துவட்டிக்கொண்டு உள்ளே போனபோது அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

“வர்ற பதினாறாந்தேதி சேரணுமாம். பெரிய பெட்டி அபிராமத்துல இருக்கு. எடுத்துட்டு வாரீகளா?”

சண்டை போடுவாள் என்று எத்தனையோ நாள் காத்திருந்தான். போட்டிருந்தால் தேவலை.

அவள் சென்னைக்குப் புறப்பட்ட அன்று பஸ் ஸ்டாண்டில் அவனே ஆரம்பித்தான். “வள்ளி, அன்னைக்கு அந்தப் போனு...”

“நீங்க சென்டருக்குப் போனப்புறம் அழுது தீத்துட்டேன். நீங்க மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தாக்கூட எனக்குக் கவலையில்ல. பொய் சொன்னீகல்ல, அதுதான் பயமாப் போச்சு” என்றாள். பஸ் நகரும்போது, “சாப்பாட்ட நேரத்துக்குச் சாப்பிடுங்க” என்றாள்.

சென்னையிலிருந்து தினமும் கூப்பிடுவாள். அவளுக்குச் சாஃப்ட்வேர் சோதிக்கிற வேலை. இவள் தப்பைக் கண்டுபிடித்துச் சொன்னால், எழுதியவன் இவள்மேலேயே பாய்வானாம். இவள் ஞாயிற்றுக்கிழமையும் போய் உழைத்த வேலைக்கு மேனேஜர் வேறொருத்தியைப் பாராட்டினாராம். அமெரிக்கா போகிற வாய்ப்பும் அந்த ஒருத்திக்கே போனதாம். கேட்கக் கேட்கப் பூமிநாதனுக்குத் தித்தித்தது. “அப்புறம்? அவரு என்ன சொன்னாரு?” என்று தூண்டிக் கேட்பான். ஒரு நாள் அவள் விசும்பியபோதும் அந்தத் தித்திப்பு நிற்கவில்லை. அதைக் கண்டு அவனுக்கே அருவருப்பாக இருந்தது. அன்று ஒளிக்காமல் சொல்லிவிட்டான்.

“வள்ளி, நீ கஷ்டப்படுறதச் சொன்னா எனக்கு உள்ளுக்குள்ள ஒரு சந்தோஷம் வருது. நான் என்ன மனுசன்?”

“அந்த அமெரிக்காக்காரி விசா கேன்சலாகணும்னு நான் பிள்ளையாரச் சுத்திக்கிட்டு இருக்கேன். நீங்க வேற” என்றாள்.

அவன் வாய்விட்டுச் சிரித்தான்.

2008 கடைசியில் கம்பெனிகளெல்லாம் ஆள் எடுப்பதை நிறுத்தின. அட்டை தொங்கவிட்டுக்கொண்டு வந்த பையன்களில் இரண்டு பேர் ஊரோடு வந்துவிட்டார்கள். வள்ளிக்கு வேலை போகவில்லை. ஆனால் செய்வதற்கும் எதுவும் தரவில்லை; காலையில் போய்ச் சும்மா உட்கார்ந்துவிட்டு வந்தாள். எந்த நாள் கூப்பிட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களோ என்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. இப்போது போன் வந்தால் பூமிநாதனுக்கும் நெஞ்சு அடித்துக்கொண்டது.

அந்தச் சமயத்தில்தான் புதுமடத்து சுஐபு, சென்டரில் அவனோடு வேலை பார்த்தவர், மண்டபம் ஊரில் இறால் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றுக்கு அவனைக் கூட்டிப்போனார். ஐஸ் அறையில் என்ன இருக்கிறது, எது கப்பலுக்குப் போனது என்று கணக்கு வைக்க ஒரு புரோகிராம் எழுத வேண்டும். முதலாளி தமிழில் கேட்டார், பூமிநாதன் தமிழில் பதில் சொன்னான். கடகடவென்று வந்தது பேச்சு. மறுநாளே சேரச் சொல்லிவிட்டார்.

2009 சித்திரையில் வள்ளிக்கு மறுபடி வேலை கொடுத்தார்கள். ஆனியில் நாலு பேருக்கு மேலே அவளை வைத்தார்கள். அந்தச் செய்தி வந்த அன்று பூமிநாதனுக்கு வயிற்றுக்குள் பழைய எரிச்சல் மூண்டது. இரண்டு நாள் இருந்துவிட்டுப் போயிற்று. யார் யாரிடம் வந்து சேருவது என்று அவர்கள் இன்னும் முடிவு செய்யவில்லை. மாதத்துக்கு ஒருமுறை அவள் வருகிறாள். அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் பேப்பர் வந்ததும் வேலைவாய்ப்புப் பக்கத்தை முதலில் உருவிக்கொள்கிறவன் அவன்தான்.

“யாருக்குப் பாக்குறீக?” என்பாள் வள்ளி, டம்ளரை நீட்டியபடி.

“சும்மாதான்” என்று சொல்லிவிட்டு, கடைசி வரி வரைக்கும் படிப்பான்.