கத்துது மிஸ்!

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு ஏப்ரல் மாத வெள்ளிக்கிழமை நடந்தது. நெய்வேலி நகரியத்தில் குவார்ட்டர்ஸில் குடியிருந்துகொண்டு, பக்கத்தில் ஒரு பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் பாடம் நடத்துகிறேன். அந்த வெயிலைச் சொல்லவா, எங்கள் கம்ப்யூட்டர் லேப்பைச் சொல்லவா? இருபதில் பன்னிரண்டுதான் ஓடும். அதிலும் நாலு, ஒரு தடவை கரண்ட் போய் வந்தால் கோபித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். இந்த லட்சணத்தில் கடைசி வருட மாணவர்கள் அத்தனை பேரின் ப்ராஜெக்டையும் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டியது நான்.

என்னிடம் ஒரு சட்டம் உண்டு. எந்த சர்க்யூட்டாக இருந்தாலும் முதலில் கம்ப்யூட்டரில் சிமுலேஷன் செய்து காட்ட வேண்டும். பாகங்களைத் திரையில் வரைந்து அளவுகளைக் கொடுத்தால், நிஜத்தில் எப்படி வேலை செய்யும் என்று அதுவே கணக்குப் போட்டுச் சொல்லிவிடும். அதில் தேறிய பிறகுதான் பாகங்களைப் பற்றவைக்கும் சால்டரிங் அயர்னைத் தொடலாம். "உங்க கை தப்பு பண்ணும், கம்ப்யூட்டர் தப்பு பண்ணாது" என்று எல்லா வகுப்பிலும் சொல்வேன். சொல்லிச் சொல்லி எனக்கே அது வேதவாக்காகிவிட்டது.

முத்தாண்டிக்குப்பத்திலிருந்து வரும் ஒரு மாணவி அன்றைக்குச் சட்டத்தை மீறி, சர்க்யூட்டை வீட்டிலேயே செய்து எடுத்து வந்து நின்றாள். "லேப்ல எடமே கெடைக்கல மிஸ், வூட்லயும் கம்ப்யூட்டர் இல்ல" என்றாள். தொட்டியில் தண்ணீர் நிரம்பினால் பஸ்ஸர் கத்தும் கருவி அது. அவளுடைய அம்மா நாலு வீடுகளில் வேலை செய்கிறவர். அந்த வீடுகளில் மோட்டாரைப் போட்டுவிட்டு, தொட்டி நிரம்பிவிட்டதா என்று பார்க்க, முட்டி வலியோடு மொட்டை மாடிக்கு ஏறி ஏறி இறங்குவாராம். அதற்காகச் செய்தது.

மறுநாள் மதியத்துக்குள் நான் கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட் ஆபீசுக்குப் போய்ச் சேரவில்லை என்றால் அவள் வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் உட்கார முடியாது, அரியர் விழும். அரியர் இருந்தால் அடுத்த மாதம் நடக்கும் அப்ரண்டிஸ் பயிற்சி வேலைக்கான நேர்காணலும் போச்சு. எங்கள் பக்கத்தில் அப்ரண்டிஸ் என்றால் ஒரு குடும்பமே வாசலைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கும்.

சரி, சிமுலேஷனைப் போடு என்றேன். அவள் மவுஸை நகர்த்திய வேகத்தில் எனக்குப் பொறுமை போய்விட்டது. "தள்ளு, நான் போடறேன்" என்று நானே உட்கார்ந்து கடகடவென்று அளவுகளைத் தட்டினேன். ஓட்டினால், பஸ்ஸர் கத்தவில்லை. மூன்று தடவை ஓட்டினேன், கத்தவே இல்லை.

"ஆனா கத்துது மிஸ்" என்றாள். சொன்னதோடு நிற்காமல், லேப் துடைக்க வைத்திருந்த வாளித் தண்ணீரில் இரண்டு ஒயரையும் விட்டாள். பஸ்ஸர் வீரிட்டது. லேப்பே சிரித்தது. என்னைப் பார்த்துச் சிரிப்பதாகத் தோன்றியது, அவ்வளவுதான். "எங்கேயோ ஷார்ட் ஆகிக் கத்துது. இது சர்க்யூட் இல்ல, குருட்டு அதிர்ஷ்டம். சரியா வர்ற மாதிரி மாத்தி எடுத்துக்கிட்டு வா, இல்லன்னா வராதே!" என்று கத்திவிட்டேன். எல்லாவற்றையும் பையில் எடுத்து வைத்துக்கொண்டு போனாள்.

மூன்று மணிக்கு, அவளுடைய படிவத்தில் 'நிராகரிக்கக் காரணம்' என்ற கட்டத்தை நிரப்ப உட்கார்ந்தேன். திரையைப் பார்த்து ஒவ்வொரு அளவாக எழுதிக்கொண்டு வந்தேன். ஒரு ரெசிஸ்டருக்கு '1 எம்' என்று இருந்தது. பேனா அங்கேயே நின்றுவிட்டது.

நாம் மெகா என்று நினைத்து எம் போடுவோம், அதாவது பத்து லட்சம். அந்த சாஃப்ட்வேருக்கு எம் என்றால் மில்லி, ஆயிரத்தில் ஒரு பங்கு. பெரிய எழுத்து, சின்ன எழுத்து பேதமெல்லாம் அதற்குக் கிடையாது. மெகா வேண்டுமானால் 'மெக்' என்று முழுசாக அடிக்க வேண்டும். நூறு கோடி மடங்கு வித்தியாசம்! மின்சாரத்தைத் தடுக்கும் ரெசிஸ்டர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கம்பியை வைத்த மாதிரி. பஸ்ஸர் எப்படிக் கத்தும்? 'மெக்' என்று மாற்றி ஓட்டினேன், உடனே கத்தியது. எரிச்சல் என்னவென்றால், இதை வருடா வருடம் முதல் வகுப்பில் போர்டில் எழுதிப் போடுவதே நான்தான். ஊருக்குத்தான் உபதேசம்! அந்த சாஃப்ட்வேரை எழுதியவனைத் திட்டினேன், வெயிலைத் திட்டினேன், கடைசியில் திட்ட வேண்டிய ஆளைத் திட்டிக்கொண்டேன்.

அவள் கொடுத்திருந்த நம்பர் அவளுடைய அம்மாவுடையது. ஸ்விட்ச் ஆஃப். ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு, பலாப்பழ லாரிகளுக்குப் பின்னால் புகையைத் தின்றுகொண்டு முத்தாண்டிக்குப்பம் போனேன். விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தபோது அம்மாதான் வாசலில் நின்றார். "வாங்க டீச்சர். வந்ததுலேர்ந்து அழுதுகினே இருக்குது. சோறுகூட துன்னல. இன்னா ஆச்சுங்க?" என்று கேட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.

அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். எதிரே காலி சர்க்யூட் போர்டு. பாகங்கள் எல்லாம் ஒரு டிபன் பாக்ஸ் மூடியில் கிடந்தன. பிடுங்கிய அவசரத்தில் ஐ.சி. சிப்பின் கால் ஒன்று ஒடிந்திருந்தது.

"ஏம்மா பிரிச்சே? நல்லாத்தானே கத்துச்சு!"

"கம்ப்யூட்டர் தப்பு பண்ணாதுன்னு சொன்னீங்களே மிஸ். அப்ப நான் செஞ்சதுதானே தப்பு?"

தப்பு என்னுடையது என்று அவளுடைய அம்மா முன்னாலேயே சொன்னேன். "பரவால்ல மிஸ்" என்றாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

அவளைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு பண்ருட்டிக்கு விரட்டினேன். மூன்றாவது கடையில் ஐ.சி. கிடைத்தது. திரும்பி வந்து நான் போர்டைப் பிடித்துக்கொள்ள அவள் சால்டரிங் செய்தாள். "ஆட்டாதீங்க மிஸ்" என்று இரண்டு தடவை அதட்டலும் வாங்கினேன். பொழுது சாய்வதற்குள் குடத்துத் தண்ணீரில் பஸ்ஸர் வீரிட்டது. அம்மா காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அந்த வீட்டிலேயே உட்கார்ந்து ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டேன்.

வைவாவில் தேறினாள், அப்ரண்டிஸும் கிடைத்தது. என் சட்டம் இன்னும் இருக்கிறது, வசனத்தைத்தான் விட்டுவிட்டேன். இப்போதெல்லாம் யாராவது "ஆனா வேலை செய்யுது மிஸ்" என்றால் மவுஸை வைத்துவிட்டு எழுந்து போய்ப் பார்க்கிறேன். நன்றாக வேலை செய்துகொண்டிருந்த ஒன்றை, என் பேச்சை நம்பி ஒரு பெண் தன் கையாலேயே பிரித்துப் போட்டாளே, அந்த டிபன் பாக்ஸ் மூடி இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை.