முனியாண்டிக்கு வைத்த போத்தல்

எழுபதுகளின் கடைசி அது. குடியை விடவைக்கும் மாத்திரையை ஈப்போ டவுன் டாக்டர் என் வீட்டுக்காரர் கையில்தான் கொடுத்தார். சாப்பிடும் நாட்களில் ஒரு வாய் சாராயம் உள்ளே போனாலும் உயிருக்கே ஆபத்து என்று இரண்டு தடவை சொன்னார். ஒரு வாரம் சாப்பிட்டார் மனுஷன். பிறகு, "முனியாண்டிகிட்ட சத்தியம் பண்ணிட்டேன், மாத்திரை எதுக்குலா?" என்று விட்டுவிட்டார். எனக்கு முனியாண்டி மேல் நம்பிக்கை உண்டு. இவர் மேல்தான் இல்லை. தினமும் மாத்திரையைப் பொடித்துக் கோப்பியில் கலந்து கொடுத்தேன்.

மூன்று மாதம் குடிக்கவில்லை. "நானா நெனச்சேன், நிறுத்திட்டேன்" என்று பார்ப்பவரிடமெல்லாம் பெருமை வேறு. நான் பாட்டுக்குக் கோப்பி கலந்துகொண்டிருந்தேன்.

வேண்டுதலை நிறைவேற்ற, நாங்கள் முன்பு பால்மரம் வெட்டிய ரப்பர்த் தோட்டத்து முனியாண்டி கோயிலுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனோம். சுருட்டும் ஒரு போத்தல் சம்சுவும் படைத்தோம். குடியை விட்டதற்குச் சாராயம் படைப்பது எங்களில் யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை. படைத்ததில் ஒரு வாய் வேண்டிக்கொண்டவருக்கும் உண்டு என்பது என் மரமண்டைக்கு எட்டவில்லை.

பூசாரி கிளாஸை நீட்டினார். "அவருக்கு வேண்டாம் அண்ணே" என்றேன்.

"இது குடி இல்ல தங்கச்சி, பிரசாதம். மறுக்கக் கூடாது."

என் வீட்டுக்காரர் கண்ணை மூடி மடக்கென்று குடித்தார். அதற்கு முன்பே நான் சொல்லியிருக்க வேண்டும். அத்தனை பேர் முன்னால் அவர் மானம் போகுமே என்று பயந்து நின்றேன்.

கால்மணி நேரம்கூட ஆகவில்லை. கண் சிவந்தது, கழுத்து நரம்பு துடித்தது, வேர்வை கொட்டியது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தள்ளாடினார். "சாமி வந்துருச்சு!" என்று கத்தினார்கள். உறுமிக்காரர் இன்னும் வேகமாக அடித்தார். சாமி கேட்கிறது என்று பூசாரி போத்தலையே அவர் வாயருகே கொண்டுபோனார். ஓடிப்போய்ப் போத்தலைத் தட்டிவிட்டேன்.

"சாமி இல்ல, மாத்திரை! தினம் நாந்தான் கோப்பியில கலந்து கொடுத்தேன். தூக்குங்க அண்ணே, செத்துருவாரு!"

உறுமி நின்றது. நாலு பேர் அவரை வேனில் ஏற்றினார்கள்.

பிழைத்துக்கொண்டார், அது பிறகு. அந்த வேனில் எனக்கு அது தெரியாது. வாந்தி எடுத்து, கை கால் சில்லிட்டு என் மடியில் கிடந்தார். ஈப்போவுக்குப் பாதி வழியில் கண்ணைத் திறந்தார்.

"அப்ப, நானா நிறுத்தலையா?"

நீங்கதான் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். மூச்சு இருக்கிறதா என்று அவர் நெஞ்சில் வைத்திருந்த என் கையை எடுத்து அப்பால் வைத்தார்.