லினக்ஸ் வெட்டாத இரண்டு கிலோ

தேயிலைக் கம்பெனியின் கொழும்புத் தலைமையகத்து மெயின்பிரேம் கணினியில் லினக்ஸும் அதற்கேற்ற புதிய புரோகிராமும் ஏற்றினார்கள். காசில்லாத மென்பொருளாம். ஹட்டன் தோட்ட அலுவலகத்தில், பறித்த தேயிலைக் கொழுந்தின் நிறையைப் பதியும் தவமலர் நம்பவில்லை.

"சும்மா தர்றாங்களாமே, எங்கயாவது வெட்டாமலா விடுவாங்க?"

நிறுக்கும்போதெல்லாம் சாக்கின் எடைக்கென்று அம்மா பறித்த கொழுந்தில் இரண்டு கிலோ வெட்டியதைப் பார்த்து வளர்ந்தவள் அவள்.

புதிய அச்சுத்தாளைத் தன் பதிவேட்டோடு வரிவரியாக ஒப்பிட்டாள். பதினெட்டு கிலோ பதினெட்டாகவே இருந்தது. சந்தேகம் தீராமல் போன மாதத்துத் தாளையும் எடுத்துப் பார்த்தாள். பதிவேட்டின் பதினெட்டு, அதில் பதினாறாகியிருந்தது. தராசில் வெட்டியது போதாதென்று பழைய புரோகிராமும் மறுபடி இரண்டு கிலோ வெட்டியிருக்கிறது!

மேலதிகாரி குணரத்தினத்திடம் இரண்டு தாள்களையும் நீட்டினாள். அவர் பார்த்துவிட்டு, தலைமையகத்துக்குப் போன் போட்டார்.

"உந்த லினக்ஸ் பிழை விடுது. ரெண்டு கிலோ கழிக்க மறந்திட்டியள். உடன திருத்துங்கோ."