இறந்தவர்களை மட்டும் தின்ற வைரஸ்

கோவில்பட்டிக்குள் ஒரு வைரஸ் புகுந்திருக்கிறது, அது இறந்துபோனவர்களின் படங்களை மட்டும் தேடித் தின்கிறது என்று ஊருக்குள் பேச்சு. டீக்கடையில் கேட்டபோது அது வெளிநாட்டு வைரஸ். கழுகுமலை பஸ்ஸில் கேட்டபோது, யாரோ செய்வினை வைத்து கேபிள் வழியாக அனுப்பியது. உயிரோடு இருப்பவர்களை அது தொடுவதில்லை என்பதில் மட்டும் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இல்லை. இவ்வளவு மரியாதை தெரிந்த வைரஸை நேரில் பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன்.

அது தின்றது பூவனநாதனின் பிளெக்ஸ் கடையில். காதுகுத்து, சடங்கு, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி என்று சுற்றுவட்டாரத்தின் மொத்த வாழ்க்கையையும் ஆறடி அகலத்தில் அடித்துக் கொடுக்கிறவர். ஏன் இறந்தவர்கள் மட்டும் என்று கேட்டதற்கு அவர் சிரிக்காமல் விளக்கினார். போனது எல்லாப் படமும்தான். இருக்கிறவன் மறுநாளே செல்போனில் புதுப்படம் கொண்டுவந்துவிடுகிறான். செத்தவன் எங்கே போய் எடுத்துவருவான்?

பாதி வதந்தி அங்கேயே தீர்ந்தது. மீதிக்கும் அவரே வழிகாட்டினார். பக்கத்துக் கடை செல்வலட்சுமி மட்டும் வந்து சரிசெய்திராவிட்டால் கம்ப்யூட்டரை எடைக்குப் போட்டிருப்பாராம். அந்த நன்றிக்கு அவள் கடை வாசலில் ஓசியில் ஒரு பிளெக்ஸ் கட்டியிருக்கிறார்: ‘கணினி காத்த கண்மணியே!’ படத்தில் செல்வலட்சுமி கோட் போட்டிருக்கிறாள். கோட் பூவனநாதன் கம்ப்யூட்டரில் மாட்டிவிட்டது. அவரிடம் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கோட்டுதான். பிளெக்ஸ் நல்ல உயரத்தில்தான் இருக்கிறது. ஆனாலும் செல்வலட்சுமி குனிந்துதான் கடைக்குள் போகிறாள்.

கழுகுமலைப் பக்கம் மக்காச்சோளமும் உளுந்தும் போடுகிற வீட்டுப் பெண். பாலிடெக்னிக் முடித்தவள். அலுவலகங்கள் கழித்துப்போட்ட கம்ப்யூட்டர்களை வாங்கி, விண்டோஸைச் சுமக்க முடியாமல் மூச்சுவாங்கும் அவற்றில் எடை குறைந்த, இலவசமான லினக்ஸ் ஏற்றி, கிராமத்துப் பள்ளிகளுக்குக் கொடுக்கிறாள். ஒவ்வொன்றிலும் பென்டிரைவ் செருகிக் காத்திருந்தால் பொழுது போய்விடும். பாதிப் பெட்டிகள் பென்டிரைவை மதிப்பதே இல்லை. அதனால் ஒரு லேப்டாப்பில் லினக்ஸை வைத்துக்கொண்டு, மற்ற எல்லாவற்றையும் அதோடு கேபிளில் கோத்துவிடுவாள். பெட்டியைப் போட்டதும் ‘என்னை எழுப்ப யாராவது இருக்கிறீர்களா’ என்று அது கேபிளில் கேட்கும். ‘நான் இருக்கிறேன்’ என்று லேப்டாப் சொல்லும். சொன்ன கையோடு பழையதை வழித்துத் துடைத்துவிட்டு லினக்ஸை இறக்கிவிடும். ‘அழிக்கலாமா?’ என்று அது ஒவ்வொரு முறையும் கேட்டது தொந்தரவாக இருந்ததால், அந்தக் கேள்வியை மட்டும் எடுத்துவிட்டிருந்தாள்.

அந்த வைரஸுக்குப் பேர் என்னம்மா என்று கேட்டேன். மவுஸ் ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தவள், சுத்தமான பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

“செல்வலட்சுமின்னு போட்டுக்கிடுங்க அண்ணாச்சி” என்றாள்.

இரண்டு கடைக்கும் இன்டர்நெட் ஒன்று. ஆளுக்குப் பாதிக் காசு, நடுச்சுவரில் ஒரு ஓட்டை, ஓட்டை வழியே கேபிள். லினக்ஸ் ஏற்றும்போது அந்தக் கேபிளைப் பிடுங்கிவிடுவது அவள் வழக்கம். அன்றைக்குப் பிடுங்கவில்லை. கடையில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, பிடுங்கினால் நின்றுவிடும். வேறு காரணம் எதுவும் இல்லை.

பூவனநாதனின் கம்ப்யூட்டரும் பழசு. எதிலிருந்து எழுந்திருக்க வேண்டும் என்பதை ஞாபகம் வைத்திருக்க அதற்குள் காசு மாதிரி ஒரு பேட்டரி உண்டு. அது எப்போதோ செத்துவிட்டது. ஆகவே அந்தப் பெட்டி தினமும் முதலில் கேபிளில்தான் ஆள் தேடியது. பதில் வராததால் தன்பாட்டுக்கு எழுந்துகொண்டது. அன்று மதியம் கரண்ட் போய் வந்ததும் அவர் பொத்தானை அமுக்கிவிட்டுச் சாப்பிடப் போனார். அன்றைக்குச் செல்வலட்சுமியின் லேப்டாப்பிடமிருந்து பதில் வந்துவிட்டது. கழுகுமலை பஸ் சொன்னதுதான் உண்மைக்குக் கிட்டத்தில் இருந்திருக்கிறது.

திரும்பி வந்தவர் இவளைக் கூப்பிட்டார். “யம்மா, பெட்டியில ஏதோ மயில் வந்து நிக்கி. வைரஸா?” அந்த மயில், லினக்ஸ் ஏற்றும் பெட்டியிலெல்லாம் முகப்பில் இவள் வைக்கிற படம்.

“அவியளே பேரும் எடுத்துக் குடுத்தாவ. நான் தலையை மட்டும் ஆட்டினேன்” என்றாள். பிறகு சொல்லிவிட எத்தனையோ தடவை போனாளாம். வாயைத் திறப்பதற்குள் அவர் டீ சொல்லிவிடுகிறார். அழிந்ததை மீட்கும் மென்பொருளையும் ஓட்டிப் பார்த்தாள். ஒரு தாமரையும் பாதிக் கோட்டும் கிடைத்தன.

இதற்கிடையில் எப்போதும்வென்றான் ஊரிலிருந்து வேலுத்தாய் வந்தாள். ஆடு மேய்க்கிறவள். புருஷன் சோலையின் இரண்டாம் வருஷ நினைவுக்கு பிளெக்ஸ் வேண்டும். சோலை போட்டோவுக்கு நிற்காத மனிதர். கோயில் கொடைத் திருவிழாக் கூட்டத்தை எடுத்த படத்தில் தப்பித் தவறி விழுந்த முகத்தை வெட்டியெடுத்து, அந்தக் கோட்டை மாட்டி, போன வருஷம் பூவனநாதன் அடித்துக் கொடுத்திருந்தார். கூட்டத்தைப் படம் பிடித்த போன் தொலைந்துவிட்டது. வைரஸ் தின்னுட்டு என்று பூவனநாதன் சொன்னபோது அவள் சண்டை போடவில்லை. “உள்ளதே அது ஒண்ணுதான்யா” என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போனாள்.

சுவருக்கு இந்தப் பக்கம் அது கேட்டது. செல்வலட்சுமி கடையைச் சாத்திவிட்டு அதே பஸ்ஸில் ஏறினாள். போன வருஷத்து பிளெக்ஸ் என்ன ஆனது என்று விசாரித்தாள். மழைக்கு ஆட்டுக் கொட்டகை மேல் போட்டதாம். போய்ப் பார்த்தால், படம் உள்பக்கமாக இருந்தது. மேலேயிருந்து தன் ஆடுகளைப் பார்த்தபடி, கோட்டும் தானுமாக சோலை. ஒரு கன்னம் மட்டும் வெளுத்திருந்தது. செல்வலட்சுமி புழுக்கைக்கும் குட்டிகளுக்கும் நடுவே மல்லாந்து படுத்து போனில் எடுத்தாள்.

“கடைக்காரரே வரல. நீ எதுக்குத் தாயி இம்புட்டு மெனக்கெடுத?” என்று கேட்டாள் வேலுத்தாய்.

சும்மாதான் என்று சொல்லியிருக்கிறாள். வேலுத்தாய் ஆட்டுப்பால் காய்ச்சிக் கொடுத்தாள்.

“அதையும் வாங்கிக் குடிச்சேன் பாருங்க அண்ணாச்சி. அழிச்சதை விட அதுதான் அசிங்கமா இருக்கு.”

இதை எழுதட்டுமா என்று கேட்டேன். எழுதுங்கள், பூவனநாதன் அண்ணாச்சி தன் கடையில் அடிப்பதைத் தவிர வேறெதையும் படிப்பதில்லை என்றாள். சொல்லி முடித்த பிறகு, படித்தால்கூட நல்லதுதான் என்றாள்.

அந்த நேரம் பார்த்து பூவனநாதனே வந்தார். அவர் பெட்டிக்குள் செல்வலட்சுமி சத்தமில்லாமல் தன் கையிருப்பிலிருந்து புது பேட்டரி போட்டுவிட்டிருக்கிறாள். அதைப் பார்த்துவிட்டு, ஈடாக ஒன்று வாங்கி வந்திருந்தார்.

“அண்ணாச்சி, அந்த பேட்டரி விஷயமா…” என்று இவள் ஆரம்பித்தாள்.

“கடன் வச்சிப் பழக்கமில்ல தாயி” என்று சொல்லி மேஜையில் வைத்துவிட்டு, வெளியே எட்டிப் பார்த்து மூன்று டீ சொன்னார்.

அவர் போனதும் செல்வலட்சுமி பேட்டரியைச் சுவர் ஓட்டை வழியாக அந்தப் பக்கம் தள்ளினாள். அவர் திருப்பித் தள்ளினார். நான் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பும்போது அது கேபிளை ஒட்டி, ஓட்டையின் நடுவில் இருந்தது.