படகு பழகிய கை

ராமேசுவரம் தீவைச் சுற்றிப் பார்க்க வாடகைக்குக் கார் எடுத்து, எண்ணூரிலிருந்து நானே ஓட்டிக்கொண்டு கிளம்பினேன். லைசென்ஸ் புதிது. இத்தனை வருடம் விசைப்படகு ஓட்டியவனுக்குக் கார் எம்மாத்திரம் என்ற திமிர் வேறு. பக்கத்து சீட்டில், மீன் லோடு ஆட்டோ ஓட்டிப் பிழைக்கும் என் மனைவி, பின்சீட்டில் இரண்டு பெண்பிள்ளைகள்.

திருவொற்றியூர் தாண்டியதும், எதிரே ஒரு கன்டெய்னர் லாரி இன்னொரு லாரியை முந்திக்கொண்டு நேராக எங்களைப் பார்த்து வந்தது. நான் ஒதுங்கியிருக்க வேண்டும். ஆனால் கடலில் பெரிய அலை எழுந்தால் படகின் பக்கவாட்டைக் காட்டக் கூடாது, கவிழ்ந்துவிடும். மூக்கை அலைக்கு நேரே திருப்ப வேண்டும். என் கை யோசிக்கவில்லை. காரின் மூக்கை லாரிக்கு நேரே திருப்பிவிட்டது.

"யோவ், இன்னாய்யா பண்ற? இது போட்டு இல்ல, காரு!"

கத்திக்கொண்டே மனைவி ஸ்டியரிங்கைப் பிடித்து இடப்பக்கம் இழுத்தாள். லாரி எங்கள் சைடு கண்ணாடியைப் பெயர்த்துக்கொண்டு போனது. கார் சாலையோர மண்ணில் இறங்கி நின்றது.

"எறங்கு. நான் ஓட்டறேன்," என்றாள்.

எத்தனையோ புயலில் படகைக் கரை சேர்த்த என் கை அது. ராமேசுவரம் வரும்வரை அதை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.