எதிர்ப்பக்கம் மடித்த இலை

மலேசியாவின் கேரி தீவுத் தோட்டத்தில் பிறந்து, ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டு, கிள்ளானில் சொந்தமாகச் சமையல் தொழில் நடத்துகிறவன் நான். எத்தனை அண்டா சாம்பார் வைத்தாலும் நாக்கில் விட்டு உப்பு பார்க்க மாட்டேன். வாசனையே எனக்குச் சொல்லிவிடும். பெருமைக்குத்தான் சொல்கிறேன். உழைத்தவன் சொல்லிக்கொள்ளாமல் வேறு யார் சொல்வது?

அண்மையில், தோட்டத்தில் என்னோடு வளர்ந்த கூட்டாளி ஒருவர் இறந்துபோனார். பதினாறாம் நாள் காரியத்துக்கு நானே சமைத்தேன். கடைசிப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டு, துக்க வீட்டு வழக்கப்படி இலையை எதிர்ப்பக்கமாக மடித்துவிட்டு எழுந்தேன். யாரோ அதை வீடியோ எடுத்து, துக்க வீடு என்று தெரியாதபடி வெட்டி, இணையத்தில் போட்டுவிட்டார்கள். மற்ற விருந்துகளில் அப்படி மடித்தால் சாப்பாடு பிடிக்கவில்லை என்றல்லவா அர்த்தம்!

வந்த கமெண்டுகளை மகள் படித்துக் காட்டினாள். "அங்கிள், ஒங்க சாம்பார ஒங்களாலயே முழுங்க முடியலயா?" "படிக்காத ஆளுக்கெல்லாம் கேட்டரிங் எதுக்கு லா?"

அன்று மாலையே கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து ஒரு கல்யாணப் பெண்ணின் அப்பா அழைத்தார். அடுத்த வாரம் அவர் வீட்டுக் கல்யாணச் சமையல் என்னுடையது.

"அண்ணே, சம்பந்தி வீட்ல வீடியோவ பாத்துட்டாங்க. வேற ஆள பாக்கச் சொல்றாங்க."

உண்மையைச் சொன்னால் சாப்பாட்டின் பெயர் பிழைக்கும். ஆனால் துக்க வீட்டிலிருந்து வந்த அண்டா என்று தெரிந்தால் கல்யாண வீடு முகம் சுளிக்கும்.

"பழைய வீடியோ, வெளையாட்டுக்கு மடிச்சதுன்னு சொல்லிடுங்கப்பா" என்றாள் மகள்.

"கூட்டாளி சாவு எனக்கு வெளையாட்டா?"

மறுநாள் சமையற்கட்டிலிருந்தே நேரலையில் பேசினேன். "அது சாவு வீடு. அங்க இலைய நம்ம பக்கமா மடிக்க மாட்டாங்க. அந்த மாதிரி விருந்து மறுபடி வரக் கூடாதுன்னுதான். இதே கைதான் அங்கயும் சமைச்சது, கல்யாணத்துக்கும் சமைக்குது."

"யார் வீடு அங்கிள்? ஆதாரம் காட்டுங்க" என்று ஒருவன் எழுதினான்.

"செத்தவரோட சம்சாரம் இன்னும் அழுதுகிட்டு இருக்கு. அது மூஞ்சிய ஒனக்குக் காட்ட மாட்டேன். என்னைய எவ்வளவு வேணா திட்டு" என்றேன். ஒரு கமெண்டையும் அழிக்கவில்லை. என் பெயரோடு கிடக்கட்டும்.

பிறகு நேராகப் பிரிக்ஃபீல்ட்ஸுக்கே போனேன். இரண்டு வீட்டாரும் கூடத்தில் இருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அதே பாத்திரமா அண்ணே?"

"அதேதான்மா. நல்லா தேய்ச்சுக் கழுவியிருக்கேன். சாவு வீட்டுக்குச் சமைக்க மாட்டேங்கற ஆளு வேணும்னா இப்பவே சொல்லிடுங்க. நான் அப்படிப்பட்ட ஆளு இல்ல."

பெண்ணின் அப்பா தரையைப் பார்த்தார். அந்தம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டே கேட்டார்.

"பாயாசம் சேமியாவா, ஜவ்வரிசியா?"

"ஜவ்வரிசிதான்மா. சேமியா கடைசிப் பந்திக்குள்ள ஊறிப் போயிடும்."

"முந்திரி கொறையாம போடுங்க" என்றார்.