கேட்டில் விட்டுவந்த பை

அறுபதுகளின் தொடக்கத்தில் தாயில்பட்டிப் பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்தேன். வாரம் மூன்று நாள் பட்டாசு ஆலைகளுக்குச் சைக்கிளில் போய், கைப்புண்ணுக்கும் தீக்காயத்துக்கும் மருந்து போட்டு வர வேண்டும். ரோடு என்று சொல்லத்தக்கது கொஞ்ச தூரம்தான். மற்றதெல்லாம் வண்டித்தடம், கரிசல் காடு, ஓடை மணல். எங்கு பார்த்தாலும் உடைமுள்.

அதனால் காலையில் சைக்கிளுக்கு நான் செய்யும் பணிவிடை கொஞ்சநஞ்சமில்லை. செயினுக்கு எண்ணெய் விட்டு, பிரேக் கட்டையை ஆட்டிப் பார்த்து, டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பேன். பிறகு காக்கிப் பை. பம்பு, சொல்யூஷன், பழைய டியூபில் வெட்டிய ஒட்டுத் துண்டுகள், உப்புத்தாள், ஸ்பானர், டயரை நெம்ப இரண்டு இரும்புப் பட்டைகள், மட்கார்டுக்குள் அப்பும் கரிசலை நோண்ட ஒரு மூங்கில் குச்சி. இரும்போடு இரும்பு உரசாதபடி எல்லாவற்றையும் துணியில் சுற்றி வைப்பேன். பட்டாசு மருந்துக்கு ஒரு பொறி போதும்; எங்கள் பக்கத்தில் பிழைப்பவனுக்கு அந்தப் பயம் தானாக வந்துவிடும்.

என் மனைவி டீச்சர். அவள் கேலியிலும் கண்டிப்பு இருக்கும். “பொண்ணுக்குச் சீர் கொண்டு போறீகளா?” என்பாள்.

“நடுக்காட்டுல பஞ்சரானா நீயா வந்து ஒட்டுவே?” என்று எரிந்து விழுவேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். இன்றும் அது போகவில்லை.

ஏழாயிரம்பண்ணைக்கு வெளியே ஓர் ஆலை. அதன் கேட்டைத் தாண்டித் தீப்பெட்டி போகாது, பீடி போகாது, ஆணி அடித்த செருப்பு போகாது. சைக்கிள் வேப்பமரத்தடியில் நிற்கும். பையை அதிலேயே விட்டால் ஸ்பானருக்குக் கால் முளைத்துவிடும் என்று வாட்ச்மேன் அதை வாங்கித் தன் மரப்பெட்டியில் வைத்துப் பூட்டுவார். மருந்துப் பையைப் பிரித்துப் பார்த்துவிட்டு ஆபீஸ் அறை வரை விடுவார். எங்கள் ஊரில் மருந்து என்றால் இரண்டு: நான் பையில் கொண்டுபோவது ஒன்று, பட்டாசுக்கு ஆலைக்காரர்கள் கையால் கலப்பது ஒன்று.

ஒரு பங்குனி மாத முற்பகல் அங்கே ஒருவருக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோது தூரத்தில் வெடிச் சத்தம் கேட்டது. மேற்கே புகை எழுந்தது. அரைமணி கழித்து ஓர் ஆள் ஓடிவந்தார். மூன்று மைல் தள்ளியிருந்த ஒரு சின்ன கம்பெனியின் ஆள்.

“மருந்து கலக்குற ரூம் போச்சு, ஐயா. ஒரு பொம்பளைக்கு உடம்பெல்லாம் வெந்துபோச்சு. உசிர் இருக்கு. கத்திக்கிட்டே கிடக்கா.”

அப்படி வெந்தவளைப் பிழைக்க வைக்க என்னால் ஆகாது. அது எனக்குத் தெரியும். ஆனால் டாக்டர் கொடுத்து வைத்திருந்த வலி ஊசி ஒன்று பையில் இருந்தது. போட்டால் கத்தாமலாவது போவாள். அதற்காகத்தான் கேட்டுக்கு ஓடினேன்.

வாட்ச்மேன் பெட்டியின் முன் குனிந்திருந்தார். அவசரத்தில் சாவி துவாரத்தில் நுழைய மறுத்தது. “ஒரு நிமிசம் பொறுங்க, பைய எடுத்துத் தாரேன்.”

“மூணு மைலுக்கு எதுக்குய்யா பை? வந்து வாங்கிக்கிடுதேன்” என்று கத்திவிட்டு ஏறினேன்.

வண்டித்தடம் சுற்று என்று குறுக்கே காட்டில் விட்டேன். அரை மைல்கூடப் போகவில்லை, முன்சக்கரம் உஸ்ஸென்று இறங்கியது. இறங்கிய டயரோடு மிதித்துப் பார்த்தேன். டயர் கழன்று சுற்றிக்கொள்ள, கரிசல் கட்டிமேல் விழுந்தேன். பழக்கத்தில் சைக்கிளில் கைவிட்டேன், காக்கிப் பை இல்லை. ஒட்டுவது பத்து நிமிட வேலை. அதற்குத்தான் தினமும் அத்தனை சாமானையும் சுமந்தேன். வெயிலில் தள்ளிக்கொண்டே ஓடினேன். ஆஸ்பத்திரிச் சைக்கிள், காட்டில் போட்டுவிட்டு ஓட மனம் வரவில்லை. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

போய்ச் சேர்ந்தபோது சத்தமே இல்லை. புளியமரத்தடியில் வாழையிலைமேல் அவளைக் கிடத்தி, சேலையால் மூடியிருந்தார்கள். பக்கத்தில் அவள் புருஷன்.

“இப்பத்தான், ஐயா” என்றார். “அதுவரைக்கும் கத்திக்கிட்டேதான் கிடந்தா. கம்பவுண்டர் வந்துட்டாகளான்னு ரெண்டு தடவை கேட்டா.”

மருந்துப் பையைத் திறக்காமல் நின்றேன். எனக்கு அங்கே செய்ய ஒரு வேலையும் இல்லை. வெட்கமாக இருந்தது.

நான் சைக்கிளைத் திருப்பியபோது அவர் சக்கரத்தைப் பார்த்துவிட்டார். பட்டாசுக்கான காகிதக் குழாய் லோடு கட்டிக்கொண்டு ஊர் ஊராகச் சைக்கிள் மிதிப்பவர் அவர். கையில் ஒட்டியிருந்த கரியை வேட்டியில் துடைத்துவிட்டு எழுந்தார். வேண்டாம் என்றேன், கூட இருந்தவர்கள் தடுத்தார்கள். அவர் கேட்கவில்லை. தன் சைக்கிளிலிருந்து சாமான்களை எடுத்து, டியூபை உருவி, தண்ணீரில் முக்கி, குமிழி வந்த இடத்தில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். டயரில் விரலை ஓட்டி முள்ளைப் பிடுங்கி என் உள்ளங்கையில் வைத்தார்.

“காட்டுப்பக்கம் வர்றவுக ஒட்டுற சாமானைக் கையோட கொண்டு வரணும், ஐயா. நீங்க படிச்சவுக, உங்களுக்கு யாரு சொல்லியிருப்பா.”

சரி என்று தலையாட்டினேன். என் பை எங்கே இருக்கிறது என்று அவரிடம் நான் சொல்லவில்லை.

அவர் போட்ட ஒட்டு, அந்த டியூப் நைந்து போகும்வரை விடவில்லை.